துவைக்கிற கல்லில் நின்ற நெட்

எனக்கு வயது எழுபத்து நான்கு. வளர்த்தது ஐந்து பிள்ளைகள். நான்கு நான் பெற்றவை. ஒன்று என் நாத்தனார் பெற்றது, அவள் கண்ணை மூடியதும் என் மடிக்கு வந்தது. ஐந்தையும் ஆளாக்கிவிட்டேன். நின்றுபோன மோட்டாரை ஓட வைத்திருக்கிறேன். தலை திரும்பிக் கிடந்த கன்றைப் பசுவின் வயிற்றுக்குள் கையை விட்டு எடுத்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் ஒரு லேப்டாப்பைப் பார்த்து எதற்குப் பயப்பட வேண்டும்? பயப்படவில்லை. அங்கேதான் பிடித்தது வினை.

பள்ளிக்கூடத்தில் நான் இரண்டாம் வகுப்பு வரைதான். மீதி எழுத்தெல்லாம் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் கற்றது. காய்கறிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு பஸ் போர்டுகளை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசிப்பேன். அதனால் ஊர்ப் பெயர் என்றால் மடமடவென்று எழுதுவேன், மற்றதற்குக் கொஞ்சம் நேரமாகும். ஆகட்டும், எனக்கு இப்போது என்ன அவசரம்? இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர் சொல்வதைக் கேட்டால் நான் லேப்டாப்பைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிவிட்டேன் என்றே நினைப்பீர்கள். முக்கவில்லை. நடந்ததை நடந்தபடி நானே எழுதி வைத்துவிடுகிறேன்.

வீட்டுக்காரர் போன பிறகு கீழக்குயில்குடியை விட்டுவிட்டு, காளவாசலுக்கு மேற்கே கடைசி மகன் குமார் கட்டிய வீட்டுக்கு வந்துவிட்டேன். குமாருக்குக் கோயம்புத்தூரில் வேலை. வீட்டில் நான், மருமகள் மலர், அப்போது ஐந்து வயதாகியிருந்த பேத்தி யாழினி. அந்த வருடம்தான் வீட்டுக்கு நெட் வந்தது. ஹாலின் பின்சுவரில் கொல்லைப்பக்கம் பார்த்த ஜன்னல் ஒன்று இருக்கிறது. அதை ஒட்டிய அலமாரித் தட்டில் ஒரு வெள்ளைப் பெட்டியை வைத்து, வயரை மாட்டிவிட்டு, வந்த பையன் கிளம்பப் பார்த்தான். நான் விடவில்லை.

"தம்பி, இது எம்புட்டுத் தூரம் போகும்?"

"வீடு பூராம் போகும்மா."

"சுவத்துல முட்டாதா?"

"சுவத்துக்குள்ள பூந்து போயிரும்."

"அப்ப பக்கத்து வீட்டுக்கும் போகுமே?"

"போகும்மா. ஆனா பாஸ்வேர்டு தெரியாம அவுங்க எடுக்க முடியாது."

எனக்கு ஒரே ஆச்சரியம். நம் மாடு அடுத்தவன் கொல்லையில் போய் நின்றாலும் நமக்குத்தான் பால் கறக்கும் என்கிறான்! அவன் போனதும் மலரின் அறைச் சுவரில் உள்ளங்கையை வைத்து, ஏதாவது குறுகுறுக்கிறதா என்று பார்த்தேன்.

"என்னத்தப் பாக்குறீங்க அத்தை?" என்றாள் மலர்.

"போகுதான்னு பாக்குறேன்."

"தெரியுதா?"

"சுண்ணாம்புதான் ஒட்டுது."

மலர் கம்ப்யூட்டர் படித்தவள். யாழினி பிறந்த பிறகு வேலையை விட்டாள், விட்டது விட்டதுதான். விளம்பரம் பார்ப்பாள், எழுதிப் போடுவாள், பதில் வராது. என்னிடம் ஒன்றும் சொல்ல மாட்டாள். ஆனால் பதில் வராத நாட்களில் சாம்பாரில் உப்பு ஒரு கை கூடிவிடும். அதை வைத்தே நான் தெரிந்துகொள்வேன். கடைசியில் ஒரு கம்பெனி அவளை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. அதுவும் வீட்டில் இருந்தபடியே, லேப்டாப்பில் முகம் பார்த்துப் பேசுவது.

"என்ன வேலைத்தா?" என்று கேட்டேன்.

"வீட்டுல நெட் வரலைன்னு ஆளுக போன் பண்ணுவாங்க அத்தை. அவுங்களுக்கு வழி சொல்லிச் சரி பண்ணிக் குடுக்கணும். மதுரைப் பக்கத்து ஆளுகளுக்கு மதுரைப் பேச்சுலயே சொல்ல ஆள் வேணுமாம்."

போதாதா எனக்கு? ஸ்டெல்லா டீச்சரிடம் சொன்னேன். பால்காரரிடம் சொன்னேன். காளவாசல் பூக்காரியிடம் மல்லிகைப்பூ வாங்கும்போது, கேட்காமலேயே சொன்னேன். (வேலை இன்னும் கிடைக்கவில்லை என்ற சங்கதியை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. அதை எதற்குச் சொல்வது?)

அந்த வாரந்தான் யாழினிக்குக் காதுகுத்து நடந்து முடிந்திருந்தது. எங்கள் பக்கம் தாய்மாமன் சீர் என்றால் சும்மா இல்லை. மலரின் அண்ணன் மேளதாளத்தோடு சீர் கொண்டுவந்து இறக்கினார். எவர்சில்வர் தாம்பாளங்கள், ஒரு அண்டா, எல்லாவற்றுக்கும் மேலே வண்டிச் சக்கரம் மாதிரி ஒரு பித்தளைத் தாம்பாளம். சீர் வந்தால் அது நாலு பேர் கண்ணில் பட வேண்டும். கட்டிலுக்கு அடியில் தள்ளினால் கொடுத்தவருக்கும் அவமானம், வாங்கினவருக்கும் அவமானம். கீழக்குயில்குடிச் சொந்தங்கள் சீர் பார்க்க மறுநாள் வருவதாக இருந்தது. ஹாலில் எடுப்பான இடம் எது என்று பார்த்தேன். அந்த அலமாரித் தட்டுதான். அங்கே அந்த வெள்ளைப் பெட்டி, குடல் சரிந்த மாதிரி வயரோடு அசிங்கமாக உட்கார்ந்திருந்தது. பித்தளைத் தாம்பாளத்தை அதன் முன்னால் நிமிர்த்தி வைத்தேன். இரண்டு பக்கமும் எவர்சில்வர். ஓரத்தில் அண்டா. வயரும் மறைந்தது, சீரும் பளிச்சென்று தெரிந்தது. ஒரே வேலையில் இரண்டு காரியம் முடித்த நிறைவோடு போய்ப் படுத்தேன்.

மறுநாள் காலை, யாழினி பள்ளிக்கூடம் போய்விட்டாள். மலர் குளித்து, நல்ல புடவை கட்டி, தன் அறையில் லேப்டாப்பைத் திறந்தாள். கொஞ்ச நேரத்தில், "ஐயோ அத்தை!" என்று ஒரு சத்தம்.

பாம்போ என்று விளக்குமாற்றோடு ஓடினேன். பாம்பு இல்லை, நெட் இல்லை. லேப்டாப்பின் மூலையில் விசிறி மாதிரி ஒரு படம் இருக்கும், அதில் கோடு நிறைந்திருந்தால் நெட் நன்றாக வருகிறது என்று அர்த்தம். அன்றைக்கு விசிறியில் ஓலையே இல்லை, காம்பு மட்டும் நின்றது.

"பெட்டியில லைட் எரியுதான்னு பாருங்க அத்தை!"

ஹாலுக்குப் போனேன். தாம்பாளத்தைக் கொஞ்சம் சாய்த்து எட்டிப் பார்த்தேன். பச்சை பச்சையாக மினுங்கியது. தாம்பாளத்தை மறுபடி நேராக நிமிர்த்தி, முந்தானையால் ஒரு துடை துடைத்துவிட்டு, "எல்லாம் எரியுதுத்தா, பெட்டியில ஒண்ணும் கோளாறு இல்ல" என்றேன். (இந்த இடத்தைக் குமார் என் மாதிரியே நடித்துக் காட்டுவான். முந்தானையால் துடைப்பதைக்கூட விடமாட்டான்.)

மலர் குமாருக்குப் போன் போட்டாள். அணைத்துவிட்டுப் போடச் சொன்னான். அணைத்துப் போட்டோம். லேப்டாப்பையும் அணைத்துப் போட்டோம். பாஸ்வேர்டை அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். செல்போனிலிருந்து நெட் எடுத்துப் பார்த்தாள், எங்கள் சந்துக்குள் டவர் சரியாகக் கிடைக்காது, படம் கல்லாகச் சமைந்து நின்றது. ஹாலுக்குக் கொண்டுவந்தால் ஒரு கோடு வரும், நாம் பார்ப்பதற்குள் போகும்.

மலர் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நெட்ட சரி பண்ற வேலைக்குப் போறேன் அத்தை. என் வீட்டுலயே நெட் வரலைன்னு சொன்னா எவுங்க வேலை குடுப்பாங்க? சிரிப்பாங்க."

அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். இன்னொரு பக்கம், பொய் சொல்லக்கூடாது, எனக்கு வேறொரு நினைப்பும் ஓடியது. கோடு வருகிறது, போகிறது. இடம் மாறினால் மாறுகிறது. இதை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன்!

எங்கே என்று சொல்கிறேன். நான் கல்யாணமாகி வந்த புதிதில் காட்டில் கிணறு வெட்ட நீரோட்டம் பார்த்தார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: உள்ளங்கையில் ஒரு தேங்காயைப் படுக்கப்போட்டு, செருப்பில்லாமல் மெல்ல நடக்க வேண்டும். அடியில் தண்ணீர் ஓடும் இடம் வந்தால் தேங்காய் தானாக எழுந்து நிற்கும். எல்லார் கைக்கும் நிற்காது. என் மாமனார் கைக்கு நிற்கவில்லை, வீட்டுக்காரர் கைக்கும் நிற்கவில்லை. சோற்றுச் சட்டியோடு வந்த என் கையில் விளையாட்டாக வைத்தார்கள், நின்றது! அங்கே வெட்டிய கிணறு கோடையிலும் வற்றவில்லை. அன்றிலிருந்து என் கையைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பு உண்டு.

"நீ போய் முகத்தக் கழுவு. அதை என் கையில குடு" என்றேன்.

"அத்தை, வெளையாடாதீங்க."

"குடுன்னா குடு."

லேப்டாப்பை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு, கிழக்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டு (கை காலியாக இல்லாததால் மனதுக்குள்தான்) நடக்கத் தொடங்கினேன். அறையில் ஒன்றுமில்லை. ஹாலில் ஒரு கோடு. அடுப்படியில் இரண்டு. கொல்லைக் கதவைத் தாண்டினேன், மூன்று! எனக்குப் புல்லரித்துவிட்டது. முருங்கை மரத்தடியில் துணி துவைக்கிற கல் இருக்கிறது. அதன் பக்கத்தில் போய் நின்றேன். விசிறி முழுசாக விரிந்தது.

"ஏத்தா மலரு! ஊத்து இங்க இருக்குடி!"

மலர் ஓடி வந்து பார்த்தாள். நேரமும் நெருங்கிவிட்டது. வேறு வழியில்லை. கொடிக்கயிற்றில் ஒரு வெள்ளை விரிப்பைத் தொங்கவிட்டாள், பார்க்கிறவர்களுக்குச் சுவர் மாதிரித் தெரியட்டும் என்று. வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். "லேப்டாப்பைக் கல்லு மேல வைங்க அத்தை, போதும்" என்றாள்.

வைத்தேன். வைத்த மாத்திரத்தில் ஒரு கோடு குறைந்தது. தூக்கினேன். வந்தது.

"பாத்தியா! என் கையிலதான் நிக்குது. வச்சா விழுந்துரும்" என்றேன்.

"உயரத்துனாலயா இருக்கும் அத்தை…"

"தேங்காய் எனக்கு மட்டுந்தான் நின்னுச்சு, தெரியும்ல?"

அவளுக்கு வாதாட நேரமில்லை. "சரி, பிடிங்க. ஆனா ஒரு சத்தம் வரக்கூடாது. நெட் கோளாறுன்னு அவுங்களுக்குத் தெரியவே கூடாது. உங்க காலுல வேணாலும் விழுறேன்." அவ்வளவுதான் அவள் கேட்டது. நானும் தலையை ஆட்டினேன். துவைக்கிற கல்லின் மேலேயே ஏறி உட்கார்ந்து, லேப்டாப்பை இரண்டு கையிலும் ஏந்தி, அவள் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்தது லேப்டாப்பின் முதுகும் மலரின் நெற்றியும் மட்டும்.

இன்டர்வியூ தொடங்கியது. ஒரு பெண் குரல், நல்ல தன்மையான குரல். பேர், ஊர், படிப்பு எல்லாம் கேட்டது. மலர் தெளிவாகச் சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெருமையில் கை லேசாக ஆடியது.

"மலர், நீங்க பஸ்ல வர்றீங்களா? படம் ஆடுதே" என்றது குரல்.

"இல்ல மேடம், வீட்டுலதான்." மலர் கண்ணாலேயே என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து மதில்மேல் ஸ்டெல்லா டீச்சரின் தலை எழுந்தது. ரிட்டையர் ஆன பிறகு அவருக்கு எங்கள் கொல்லைதான் வகுப்பறை.

"என்ன பேச்சிக்கா, துவைக்கிற கல்லுல ஏறி உக்காந்து என்ன ஜெபமா?"

நான் கண்ணை உருட்டினேன். புருவத்தைத் தூக்கினேன். வாயைக் கோணினேன். டீச்சர் பயந்துவிட்டார். "ஐயையோ, வாய் கோணுதே! மலரு, அத்தைக்கு என்னமோ ஆகுதுடி!"

மலர் அசரவில்லை. "ஒண்ணுமில்ல டீச்சர்" என்று சிரித்த முகம் மாறாமல் சொல்லிவிட்டு, "பக்கத்து வீட்டுல மேடம், கேளுங்க" என்றாள்.

குரல் அடுத்த கேள்வியைக் கேட்டது. "சரி. ஒரு கஸ்டமர் கூப்பிடுறார்னு வைங்க. மோடம்ல லைட் எல்லாம் எரியுது. அணைச்சுப் போட்டாச்சு. போன வாரம் வரைக்கும் நல்லா வந்துச்சு. இப்ப உள் அறையில லேப்டாப்புக்கு நெட் வரலை. நீங்க முதல்ல என்ன கேப்பீங்க?"

இதென்ன, நம் வீட்டுக் கதையை அப்படியே சொல்கிறதே என்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

மலர் படித்ததை ஒப்பித்தாள். "மோடம் இருக்கிற இடத்துல புதுசா ஏதாவது மாத்துனீங்களான்னு கேப்பேன் மேடம். சுவரு, கதவெல்லாம் ஓரளவு விட்டுரும். ஆனா முன்னாடி இரும்பு, எவர்சில்வர், பித்தளை மாதிரி பெருசா ஏதாவது இருந்தா சிக்னல அது மறிச்சிரும். அதனால…"

அதனால் என்று அவள் சொல்லி முடிக்கவில்லை.

"ஆத்தி! நம்ம தாம்பாளம்!"

கத்தியது நான்தான். ஒரு சத்தம் வரக்கூடாது என்று சொன்னவளின் முகத்துக்கு நேரே, ஊருக்கே கேட்கும்படி கத்தினேன். என்னால் எப்படி அடக்க முடியும்? காலையிலிருந்து மண்டையைக் குடைந்த கேள்விக்குப் பதில் கிடைத்திருக்கிறது!

"யாரு அது?" என்றது குரல்.

அதற்குள் என் உடம்பு பரபரத்துவிட்டது. லேப்டாப்பைக் கல்லின்மேல் வைத்துவிட்டு இறங்கி ஓடினேன். போகிற போக்கில் தோள் இடித்து விரிப்பு அவிழ்ந்து விழுந்தது. பின்னால் கொடியில் காய்ந்த என் உள்பாவாடைகள், முருங்கை மரம், மதில்மேல் ஸ்டெல்லா டீச்சர், எல்லாமே கம்பெனிக்குத் தெரிந்தது.

ஹாலில் போய்ப் பித்தளைத் தாம்பாளத்தை இழுத்தேன். அது நழுவி எவர்சில்வர்மேல் விழ, அது அண்டாமேல் விழ, அண்டா உருண்டு வாசல்வரை போனது. கோயில் மணி அத்தனையும் ஒன்றாக அடித்த மாதிரி இருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே கொல்லையிலிருந்து மலரின் குரல் நிதானமாக வந்தது: "அத்தை, மெதுவா எடுங்க. கால்ல போட்டுக்காதீங்க."

பிறகு அவள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். கம்பெனிப் பெண்ணும் அதற்குள்ளேயே கூட வந்தாள். ஹாலில் விசிறி முழுசு. அறைக்குள் போனோம், அங்கேயும் முழுசு. மலர் இனி மறைக்க என்ன இருக்கிறது என்று நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் லேப்டாப் குலுங்கியது, நான் பிடிக்காமலேயே. "நாங்க சொல்லி அனுப்புறோம்" என்று முடித்துக்கொண்டாள்.

ஒரு விஷயம் எனக்கு அப்புறந்தான் உறைத்தது. நான் கையை எடுத்துவிட்டு ஓடியபோது நெட் விழவே இல்லை. கல்லின்மேலேயே அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்திருக்கிறது. பெட்டிக்குப் பின்னால் ஜன்னல் திறந்திருந்தது. தாம்பாளம் வீட்டுப் பக்கம் மறித்துவிட்டதால் நெட் ஜன்னல் வழியாகக் கொல்லைக்கு இறங்கியிருக்கிறது. என் கைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. (கிணற்றில் தண்ணீர் வந்தது உண்மை. அதை யாரும் மறுக்க முடியாது.)

மலர் வந்து, விழுந்த தாம்பாளங்களைத் துடைத்து அடுக்கினாள். பித்தளையில் ஒரு நெளிவு. அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை. சாயங்காலம் வந்த கீழக்குயில்குடிச் சொந்தங்கள் சீரைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள், எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை. அதன்பிறகு தினமும் சாம்பாரில் உப்பு கூடிக்கொண்டே போனது. பூக்காரி, "மருமக வேலைக்குப் போறாளா ஆத்தா?" என்று கேட்டபோது, முதல்முறையாக, "இன்னும் சொல்லலை" என்று உண்மையைச் சொன்னேன்.

அப்புறம் ஒரு மத்தியானம் மலர் போனைக் காதில் வைத்தபடி அடுப்படிக்கு வந்தாள். போனை வைத்தாள். என்னைப் பிடித்துக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"வேலை கிடைச்சிருச்சு அத்தை. அந்த மேடம் என்ன சொன்னாங்க தெரியுமா? 'பதில் நிறையப் பேரு சொன்னாங்க. அம்புட்டுச் சத்தத்துலயும் கோபப்படாம, கால்ல போட்டுக்காதீங்கன்னு சொன்னது நீங்க ஒருத்திதான்'னாங்க."

அன்றைக்குச் சாம்பாரில் உப்பே இல்லை. மறந்துவிட்டாள். நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

இப்போதும் அந்த அறையில்தான் அவளுக்கு வேலை. கதவு இடுக்கில் குரல் கேட்கும். "அம்மா, பதறாதீங்க. லைட் எரியுதா? சரி. பெட்டிக்கு முன்னாடி தாம்பாளம், அண்டா ஏதாச்சும் நிப்பாட்டி வச்சிருக்கீங்களா?" என்பாள். சிலர் சிரிப்பார்கள் போலிருக்கிறது. சிலர் போனை வைக்காமலேயே போய்த் தாம்பாளத்தை இழுப்பார்களாம். அந்தச் சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும்.

வீட்டில் நெட் மெதுவானால் போதும், "அப்பத்தா, ஓடியா, ஒன் கையக் கொண்டா!" என்று யாழினி கத்துவாள். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் செல்போனைக் கையில் கொடுத்து, எங்கே டவர் கிடைக்கும் என்று நடந்து பார்க்கச் சொல்கிறார்கள். நானும் நடக்கிறேன். எனக்கென்ன, கை வலிக்கவா போகிறது?

ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம் இன்னும் தீரவில்லை. ஒரு சாண் கனமான சுவரை நெட் தாண்டுகிறது, காகிதம் மாதிரி இருக்கிற தாம்பாளத்தைத் தாண்ட மாட்டேன் என்கிறது. இது என்ன நியாயம்? போனை இட்லிச் சட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, மலரைக் கூப்பிடச் சொல்லிப் பார்த்தேன். ஒருநாள் அடித்தது. ஒருநாள் அடிக்கவில்லை. மூடி சரியாக உட்காராததால் இருக்குமோ? மாவு இல்லாத நாளாகப் பார்த்து இன்னும் செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, எழுதியாயிற்று. ஏ யாழினி, இங்க வா. நான் எழுதுனத மொதல்ல இருந்து வாசி, சரியா வந்திருக்கான்னு கேக்குறேன். சிரிக்காம வாசிக்கணும். சத்தமா வாசி, மதிலுக்கு அந்தப் பக்கம் ஸ்டெல்லா டீச்சருக்கு நல்லாக் கேக்கட்டும். தாம்பாளத்த முந்தானையால தொடைச்ச இடம் வந்தா மட்டும் கொஞ்சம் மெதுவா வாசி, ஆத்தா.